புதுப்பிப்பு: அப்பச்சியின் ஹெல்மெட் அபராதம் நூறு ரூபாயில் முடிந்தது

போன மாதம் எழுதியதைப் படிக்காதவர்களுக்காக: 2019 ஆகஸ்டில் காரைக்குடியில் ஹெல்மெட் போடாமல் போனதற்கு அப்பச்சிக்கு ஓர் அபராதச் சீட்டு கொடுத்தார்கள். கட்ட மறந்துவிட்டார். இப்போது வண்டியை விற்கப் போனால் ஆயிரம் ரூபாய் பாக்கி என்கிறார்கள்.

நேற்று நூறு ரூபாய் கட்டி ரசீது வாங்கிவிட்டோம்.

உதவியது தேதிதான். ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் என்ற 194டி பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 177ஆம் பிரிவுப்படி முதல் தடவைக்கு அதிகபட்சம் நூறு. குற்றம் நடந்த அன்று சட்டத்தில் இருந்ததைவிடக் கூடுதல் தண்டனை கொடுக்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 20(1) பிரிவு சொல்கிறது. பணம் கட்டும் நாளோ தீர்ப்பு வரும் நாளோ கணக்கில்லை. இதை அரைப் பக்க மனுவாக எழுதி, பழைய சீட்டின் நகலோடு கொடுத்தேன். அலுவலகத்தில் முதலில் பார்த்தவர் “கம்ப்யூட்டர் காட்டும் தொகைதான்” என்றார். மேலதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டுச் சரி செய்து கொடுத்தார், அவருக்கு நன்றி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தப் பாதுகாப்பு தண்டனைக்குத்தான். விசாரணை முறை மாறினால் அதற்கு இது பொருந்தாது. தனியாகச் சேர்க்கும் செலவுத் தொகை தண்டனையா, வெறும் கட்டணமா என்பதில் வழக்காட இடமுண்டு. அப்படி வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

ஆச்சி புது ஹெல்மெட் வாங்கி வீட்டு வளவில் மாட்டி வைத்திருக்கிறார்.