60 அடி பழைய கல் பைப் லைனுக்கு எந்த வெஸ்டர்ன் டாய்லெட் சரியா வரும்?

கொல்லைக்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணில தாத்தா கட்டின வீடு. வாசல் பக்கம் அகலம் ரொம்ப கம்மி, ஆனா ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டுன்னு உள்ள போய்ட்டே இருக்கும், கடைசில கொல்லைல தான் கிணறும் டாய்லெட்டும். அந்த டாய்லெட் லைன் வீட்டுக்கு அடியிலயே வந்து ரேழில ஒரு சேம்பர், அங்கேர்ந்து தெரு லைன்ல சேருது, மொத்தம் 60 அடி இருக்கும். 4 இஞ்ச் கல் பைப் (அந்தக் காலத்து சுட்ட களிமண் பைப்), எப்ப போட்டதுன்னு சொல்ல வீட்ல யாரும் இல்ல. அப்பப்ப அடைச்சுக்கும், மழைக்காலம்னா கேக்கவே வேண்டாம்.

இப்ப அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, டாக்டர் இனிமே குத்த வச்சு உக்காரவே கூடாதுன்னுட்டார். அதனால இந்தியன் பான எடுத்துட்டு வெஸ்டர்ன் வைக்கணும். கடைக்காரர் ஒரே பீஸ்ல வர்ற சைபானிக் மாடல காட்டி சத்தமே வராது, எல்லாத்தையும் இழுத்துட்டு போயிடும்னு சொல்றார். பிளம்பர் என்னடான்னா எதைப் போட்டாலும் அடைக்கத்தான் செய்யும், கூடத்த உடைச்சு லைனை மாத்துங்கங்கறார். கூடத்துல சிவப்பு ஆக்சைடு தரை, முகம் தெரியற மாதிரி பளபளன்னு இருக்கும், அத உடைச்சா திரும்ப அதே மாதிரி போட ஆள் எங்க தேடறது? தரைய உடைக்காம எந்த டாய்லெட் வாங்கினா தலைவலி கம்மி, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_வந்தேன்:
அக்கா, அவசரம்னா இப்போதைக்கு இந்தியன் பான் மேலயே வைக்கற கமோட் ஸ்டூல் சர்ஜிகல் கடைல கெடைக்கும், ஸ்டீல் கால் வச்சது வாங்குங்க, கால்ல ரப்பர் புஷ் இருக்கான்னு பாருங்க இல்லன்னா ஈரத்துல வழுக்கும். அம்மாவுக்கு அது வச்சு ஓட்டிக்கிட்டே நிதானமா வேலைய பாக்கலாம்.

சைட்_சூப்பர்வைசர்:
மேடம், கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சைபானிக்ல தண்ணி உறிஞ்சி இழுக்கும், சத்தம் கம்மி, பான்ல தண்ணி அகலமா நிக்கறதால கறையும் அவ்வளவா ஒட்டாது. ஆனா அந்த உறிஞ்சல் வரணும்னா உள்ள வழி ஒடுக்கமாவும் வளைஞ்சு வளைஞ்சும் இருக்கணும், அதோட டிசைனே அதான். அதுவும் போக பின்னாடி லைன் தாராளமா ஓடினா தான் சைபான் பிடிக்கும், உங்க லைன் மாதிரி பாதி அடைஞ்சு கெடந்தா தண்ணி விளிம்பு வரைக்கும் ஏறி நின்னு பயமுறுத்தும். உங்களுக்கு வாஷ்டவுன் தான் சரி. அதுல உறிஞ்சறதெல்லாம் கிடையாது, மேலேர்ந்து விழற தண்ணி நேரா தள்ளிட்டு போயிடும், உள் வழி அகலம், ஒரே வளைவு. கறை கொஞ்சம் ஒட்டும், பிரஷ் போட்டுக்கணும், அவ்ளோதான் குறை.

அதுல ரிம்லெஸ், அதாவது உள் பக்கம் மடிஞ்ச விளிம்பு இல்லாத பான், கெடைச்சா எடுங்க. திருவல்லிக்கேணில போர் தண்ணி உப்பா தான் இருக்கும், சாதா மாடல்ல விளிம்புக்கு அடில இருக்கற சின்ன ஓட்டையெல்லாம் உப்பு கட்டி ஒவ்வொண்ணா அடைஞ்சு ஃப்ளஷ் வேகமே போயிடும், அப்புறம் லைன் அடைச்சிருக்குன்னு பிளம்பர கூப்பிட்டுட்டு இருப்போம்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. இருக்கற பான்ல ஒரு பெரிய பக்கெட் தண்ணிய ஒரே மூச்சா கொட்டுங்க, ரேழி சேம்பர் மூடிய திறந்து வச்சு ஒருத்தர் பாத்துட்டு நிக்கட்டும். தண்ணி கும்முன்னு மொத்தமா வந்து நின்னுட்டா லைன் பரவால்ல. ரொம்ப நேரம் ஒழுகிட்டே வந்தா நடுவுல எங்கயோ தேங்குது. கொட்டும்போது பக்கத்து பாத்ரூம் தரை ஜாலில குபுகுபுன்னா, ரெண்டு லைனும் சேர்ற எடத்த தாண்டி தெருப் பக்கமா தான் அடைப்பு. வாட்டமும் பாருங்க. 4 இஞ்ச் பைப்புக்கு 40 அடிக்கு 1 அடி எறக்கம்னு வச்சுப்போம், உங்க 60 அடிக்கு ஒன்றரை அடி எறங்கணும். கொத்தனார்கிட்ட தண்ணி நிரப்பி மட்டம் பாக்கற லெவல் டியூப் இருக்கும், கொல்லைலயும் ரேழிலயும் பைப்போட அடிமட்டத்த அளந்தா தெரிஞ்சிடும்.

பழைய_பாவி:
சூப்பர்வைசர் சார் சொல்றதுக்கு எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. லைன் மோசம்னா பான் ஒடுக்கமா இருக்கறது தான் நல்லதுன்னு சொல்வேன். அடைக்கறதா இருந்தா பான்லயே அடைக்கட்டுமே, கைப்பிடி வச்ச ரப்பர் பம்ப வச்சு நாலு தள்ளு தள்ளினா முடிஞ்சது. இந்தியன் பான்ல ட்ராப், அதான் அடில தண்ணி நிக்கற வளைவு, 4 இஞ்ச் அகலம், சோப்பு டப்பா, ஷாம்பு பாக்கெட், துணி எது விழுந்தாலும் கமுக்கமா உள்ள போயி கூடத்துக்கு அடில உக்காந்துக்கும், அத யார் எடுக்கறது?

சைட்_சூப்பர்வைசர்:
சோப்பு டப்பாவுக்கு நீங்க சொல்றது சரி சார், அதுக்கு வாஷ்டவுன் ட்ராப்பே போதும், அது இந்தியன் ட்ராப்ப விட சின்னது தான். சைபானிக்ல டப்பா மட்டுமில்ல, சாதாரணமா போறதே சிக்கும். முட்டி ஆபரேஷன் ஆனவங்க கைல பம்ப குடுத்து தள்ள சொல்லுவீங்களா?

கொல்லைக்கட்டு:
ரொம்ப நன்றி சார். பக்கெட் கொட்டி பாத்தோம், ரேழில கலங்கலா மெதுவா வந்துகிட்டே இருந்துது, நிக்கவே இல்ல. வாட்டம் ஒரு அடிக்கு மேல இருக்கு, ஒன்றரை இல்ல. தெரிஞ்சவங்க மூலமா கேமரா போடறவர வரவழைச்சோம். ஒயர உள்ள விட்டு டிவி மாதிரி காட்டினார், கொல்லைலேர்ந்து பாதி வழில ஒரு ஜாயிண்ட்ல தலைமுடி கொத்தா தொங்கற மாதிரி வேர்! முற்றத்து சுவத்துல ஒரு அரசங்கன்னு முளைச்சு முளைச்சு வரும், வெட்டி வெட்டி விடுவோம், அதோட வேலை தான் போல. அந்த வேர்ல துணி இழை, சீப்புல வர்ற முடின்னு எல்லாம் மாட்டி பாதி பைப்ப மறைச்சிருக்கு. மத்த எடமெல்லாம் ஜாயிண்ட்ல லேசா தூக்கி இருக்கே தவிர ஓட்டம் இருக்காம். இப்பவும் முழு லைனும் மாத்தியே ஆகணுமா?

சைட்_சூப்பர்வைசர்:
உங்க அதிர்ஷ்டம் வேர் முற்றத்துல இருக்கு. முற்றத்துல கருங்கல் தானே பாவியிருப்பீங்க, கல்ல அலுங்காம எடுத்து நம்பர் போட்டு அடுக்கி வச்சா திரும்ப அப்படியே போட்டுக்கலாம், சிவப்பு தரைய தொடவே வேண்டாம். கல் பைப் ரெண்டு ரெண்டரை அடி துண்டா தான் வரும், அப்ப உங்க லைன்ல எத்தனை ஜாயிண்ட்டுன்னு நீங்களே கணக்கு போடுங்க, அத்தனையும் சிமெண்ட்டு பூச்சு, வேருக்கு கொண்டாட்டம். முற்றத்துக்கு அடில போற பைப்ப மட்டும் எடுத்துட்டு 110 எம்எம் பிவிசி போடுங்க, ரெண்டு பக்கமும் கல் பைப்போட நேரா ஒட்டாம முற்றத்து ரெண்டு ஓரத்துலயும் சின்ன சேம்பர் கட்டி அதுல கொண்டு வந்து விடுங்க, மூடி டபுள் சீல் போட்டா நாத்தம் வராது. இனிமே அடைச்சாலும் குச்சி விட 60 அடி போக வேண்டாம், பாதி பாதியா எடுத்துடலாம். அரசங்கன்ன மேல வெட்டினா போதாது, சுவத்த கொத்தி வேரோட எடுக்கணும்.

ஆசிட் ஊத்தற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. முடியையும் துணியையும் ஆசிட் ஒண்ணும் பண்ணாது, ஜாயிண்ட் சிமெண்ட்ட தான் தின்னும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வரும், கதவு சாத்தின பாத்ரூம்ல அது ஆபத்து.

மாம்பலத்தான்:
மழைக்காலம்னு எழுதியிருந்தீங்களே அத யாரும் கவனிக்கல. ரோடு மேல ரோடு போட்டு போட்டு வீடெல்லாம் பள்ளத்துல போயாச்சு, தெரு மேன்ஹோல் மூடி மட்டம் உங்க பாத்ரூம் தரைய விட ஒசரமா இருந்தா, தெரு லைன் நிரம்பினதும் தண்ணி உங்க வீட்ல தான் எட்டிப் பாக்கும். அது எந்த கம்பெனி டாய்லெட் வச்சாலும் நிக்காது, வெஸ்டர்ன் வச்சா பான் ஒசரம் ஆயிடறதால தரை ஜாலி வழியா வரும், அவ்ளோ தான் வித்தியாசம். ரேழி சேம்பர்ல நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணிய வெளிய விடும், திரும்ப உள்ள விடாத தட்டு) போட்டுக்கோங்க. போட்டுட்டு மறந்துடாதீங்க, அந்த தட்டுல ஒரு துணி சிக்கினாலும் மூடாது, ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து கழுவிடணும். தெரு லைன் அடைப்புன்னா கம்ப்ளைண்ட் குடுத்து மெஷின் லாரி வர வைங்க, காசு குடுத்து யாரையாவது மேன்ஹோல்ல எறக்கறதெல்லாம் வேண்டாம், 2013 சட்டப்படி குத்தம், உயிரும் போகுது.

கொல்லைக்கட்டு:
வால்வு விஷயம் யோசிக்கவே இல்ல, நன்றி அண்ணா. சார், ஃப்ளஷ் டேங்க் தண்ணி மிச்சம் பண்றது எடுக்கலாமா? சுவத்துக்குள்ள மறைச்சு வைக்கற டேங்க்கும் அழகா இருக்கேன்னு தங்கச்சி சொல்றா.

சைட்_சூப்பர்வைசர்:
சுவத்துக்குள்ள வைக்கறத மறந்துடுங்க, உங்க வீட்டு பழைய சுண்ணாம்பு சுவத்த அவ்வளவு தோண்டி பான தொங்க விட்டா வெயிட் தாங்கணும், ரிப்பேர்னா இன்னொரு கூத்து. தண்ணி மிச்சம் நல்லது தான், ஆனா உங்க லைன்ல வாட்டமும் கம்மி, உள்ளயும் சொரசொரப்பு, கம்மி தண்ணில கெளம்பினது பாதி வழில உக்காந்துடும். 3/6 லிட்டர் ரெட்டை பட்டன் எடுங்க, பெரிசுக்கு பெரிய பட்டன் மட்டும் தான்னு வீட்ல சொல்லி வைங்க. காலைல எல்லாரும் போய் முடிச்சதும் ஒரு பக்கெட் தண்ணி கொட்டிட்டா லைன் காலியாயிடும். ஈர டிஷ்யூ, நாப்கின் உள்ள போடவே கூடாது, பாக்கெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருந்தாலும் கூடாது.

இன்னொண்ணு, பான் உக்கார வைக்கும்போது கூடவே நில்லுங்க. ஓட்டைல கலவை விழாம இருக்க சாக்கு அடைச்சு வப்பாங்க, எடுக்காமலே மேல பான வச்சு சிமெண்ட் பூசிட்டு போயிடுவாங்க. சாக்கு வைக்கலன்னா கலவை உள்ள விழுந்து கல்லாயிடும். சாக்க எடுத்தத கண்ணால பாத்துட்டு தான் பான வைக்க விடணும்.

கொல்லைக்கட்டு:
சரி சார். ஞாயித்துக்கிழமை வேலை ஆரம்பிக்கறோம். கடைல எஸ் ட்ராப் (கழிவு தரைல இருக்கற ஓட்டைக்குள்ள எறங்கற மாடல்) 9 இஞ்ச், 12 இஞ்ச்னு கேக்கறாங்க. பழைய பான எடுத்தாச்சு, சுவத்துலேர்ந்து ஓட்டை நடு வரைக்கும் சரியா 9 இஞ்ச் இருக்கு, அப்ப 9 சொல்லிடவா? டைல்ஸ் இன்னும் ஒட்டல.

சைட்_சூப்பர்வைசர்:
சொல்லாதீங்க! டைல்ஸும் அடில பூச்சும் சேந்து முக்கால் இஞ்ச் சாப்பிட்டுடும், அப்புறம் 8¼ தான், டேங்க்கோட சேந்து வர்ற பான் சுவத்துல முட்டும். பான் பின்னாடி சுவத்துல பழைய பூச்ச கொத்தி எடுத்துட்டு டைல்ஸ் ஒட்டுங்க, ஒட்டி முடிச்சு அளந்து 9 வந்தா ஆர்டர் குடுங்க. வரலன்னா டேங்க் தனியா சுவத்துல மாட்டற சாதா பான் எடுத்துக்கோங்க, நடுவுல வர்ற ஃப்ளஷ் பைப்ப தேவைக்கு வெட்டிக்கலாம், டேங்க்க கொஞ்சம் ஒசரமா மாட்டினா தண்ணி வேகமும் கூடும், விலையும் கம்மி.