மறு: லேட்டன்சிக்குத் தமிழில் என்ன? தாமதமா, சுணக்கமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கோயில் கொடை (திருவிழா) நெருக்கடியில் இருந்ததால், லேட்டன்சிக்கு, அதாவது ஒலி ஒரு கருவிக்குள் போய் வெளியே வரத் தானாக ஆகும் நேரத்துக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் உடனே எழுத முடியவில்லை. இப்போதுதான் எல்லா மடலையும் மொத்தமாக வாசித்தேன்.

> 'தாமதம்' என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

நானும் போன வருடம் வரை இப்படித்தான் நினைத்திருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்கு எங்கள் மைக்செட். ஒலிக்கலவைக்கு ஒரு சாமான், பதிவுக்கு இன்னொரு சாமான் என்று வண்டியில் ஏற்றி இறக்கி அலுத்துப்போய், அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். எட்டு மைக் செருகும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்கும் கணினி ஒலியை வெளியேயும் மாற்றித் தரும் பெட்டி). வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, பாடுகிறவர்கள் எல்லாம் அதற்குள் போய், கணினியில் கலந்து, ஒரு பக்கம் ஸ்பீக்கருக்கும் இன்னொரு பக்கம் வன்தட்டுக்கும் போகும்படி ஏற்பாடு.

பாட்டு ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். குடம் அடிப்பவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “தம்பி, என் அடி எனக்கே பொறத்தால வருது. இப்படி வந்தா எப்படி அடிக்க?”

அவர் சொன்னது சரி. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்கி உடனே விடுவதில்லை. நம் ஊர்க் குளம் மாதிரி, கால்வாயில் வருகிறதைத் தேக்கி, நிறைந்த பிறகுதான் மடையைத் திறக்கும். இந்தக் குளத்துக்கு (ஆங்கிலத்தில் பஃபர்) 'இடையகம்' என்று ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறோம். நான் அதில் 1024 மாதிரி (சாம்பிள், அதாவது ஒலியை அளந்தெடுத்த ஒவ்வொரு துளி) என்று வைத்திருந்தேன். நொடிக்கு 48,000 மாதிரி என்றால் அது நிறைய 21.3 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒரு குளம், வெளியே போக ஒரு குளம், ஆக 43 மில்லிநொடி. ஒலி காற்றில் அந்த நேரத்தில் ஏறக்குறைய 15 மீட்டர் போய்விடும். மேடையில் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அவர் காலடியில் இருந்தும், 15 மீட்டர் தள்ளி வைத்தது போலத்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. திரும்பி வரும் அடிக்காகக் காத்துக் காத்து அவர் அடிக்க, பாட்டின் காலமே இழுபட்டுப் போனது.

இதைத் தொலைபேசியில் என் கூட்டாளியிடம் கேட்டேன். “தாமதத்தைக் குறை” என்றார். நான் போய்க் குறைத்தது எதிரொலிக்காகப் போட்டிருந்த டிலேயை! மென்பொருளில் இரண்டுமே மில்லிநொடிக் கணக்கில்தான் இருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் தாமதம் என்றால் நடுராத்திரியில் இதுதான் நடக்கும்.

ஆக ஒன்று, எந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் நேரம். மற்றது நாமாக வைக்கும் நேரம். நெல்லையப்பர் தேரோட்டம் மாதிரி நீண்ட வீதியில் ஸ்பீக்கர் கட்டும்போது, 35 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரை 100 மில்லிநொடி பிந்தி ஒலிக்க விட்டால்தான் இரண்டு சத்தமும் ஒன்றாகக் காதில் விழும். அது குறையே இல்லை, வேண்டி வைப்பது. ஒன்று தன்வினை, ஒன்று பிறவினை என்று சொல்லலாம். அந்த இரண்டாவதுக்கு 'தாமதம்' என்பதை விட்டுக்கொடுத்துவிடுவோம். அது வடசொல் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இடம் மாறி உட்காரக் கூடாது என்பதுதான் கவலை.

> 'மறைநிலை' என்று சொல்லலாமே?

இது லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தது. அந்த வேருக்கு மறைந்திருத்தல் என்று பொருள், சரி. ஆனால் குடம் அடிப்பவருக்கு எதுவும் மறைந்திருக்கவில்லை, பளிச்சென்று கேட்டது. எங்கள் பையன்கள் லேட்டன்சி என்பதில் 'லேட்' இருப்பதாகவே நம்புகிறார்கள். வேர் தப்புதான், ஆனால் அகராதியைவிட அவர்கள் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

என் ஓட்டு 'சுணக்கம்'. கடைக்குப் போன பையன் நேரம் கழித்து வந்தால் “ஏம்ல இவ்வளவு சுணக்கம்?” என்றுதான் எங்கள் பக்கம் கேட்போம். வேண்டுமென்று செய்தது என்ற பொருள் அதில் இல்லை, வழியில் தானாக நேர்ந்தது என்பதே தொனி. சங்கப் பாட்டில் 'சுணங்கு' என்றால் பெண்களின் மேனியில் படரும் தேமல் என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான், ஆனால் மைக்செட் வண்டியில் அந்தக் குழப்பம் வராது. சோம்பல் என்ற சாயல் இருக்கிறதே என்பது இன்னும் நியாயமான ஆட்சேபம். வெயிலில் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் லேப்டாப்பைப் பார்த்தவர்களுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் படும்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கு இடையகத்தை 64க்கு இறக்கினேன். சுணக்கம் போனது, ஆனால் குரலுக்கு ரிவெர்ப் (பெரிய கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்) சேர்த்ததும் படபடவென்று வெடிப்புச் சத்தம். கணினி கணக்கை முடிப்பதற்குள் அடுத்த மடை திறந்துவிடுகிறது. எங்கள் பையன் இதற்கு “விக்குது” என்றான். ஆங்கிலத்தில் அண்டர்ரன் எனப்படும் இதற்கு 'விக்கல்' என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. சுணக்கத்தைக் குறைத்தால் விக்கல் கூடும், விக்கலைக் குறைத்தால் சுணக்கம் கூடும். ஒரே கணினியில் இரண்டு வேலையும் பார்க்கிறவனுக்கு இது ஒன்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

கடைசியில் 128ல் நிறுத்தி, வைஃபையை அணைத்து, கனமான எஃபெக்டுகளை எடுத்துவிட்டேன். உள்ளும் புறமுமாக 5.3 மில்லிநொடி, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் ஆக்கும் மாற்றிகளும், இன்டர்ஃபேஸை இயக்கும் டிரைவர் மென்பொருளும் எடுப்பது தனி. குடக்காரர் தலையாட்டிவிட்டார். பதிவுக்குச் சுணக்கம் ஒரு பொருட்டே இல்லை, விக்காமல் இருந்தால் போதும். வன்தட்டுக்கும் அது பெரிய சுமை இல்லை. 24 பிட்டில் எட்டுத் தடம் மணிக்கு 4 ஜிபி சொச்சம்தான். எஃபெக்ட் ஏறாத சுத்தமான ஒலியைப் பதிந்துவைத்து, ரிவெர்ப்பை வீட்டில் வந்து போட்டேன். இப்போதெல்லாம் மானிட்டருக்குக் கணினிக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக எடுத்துவிடுகிறேன். அதற்கு 'நேர்க்கேட்பு' என்று எழுதிவருகிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. மைக்கில் நுழைந்து ஸ்பீக்கரில் வெளிவரும் வரை ஆகும் மொத்த நேரத்துக்கு 'போக்குவரத்துச் சுணக்கம்' என்று ஒருவர் முன்வைத்திருக்கிறார். வண்ணார்பேட்டையில் பஸ் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. 'சுற்றுச் சுணக்கம்' சரிப்படுமா?