கலைச்சொல்: மொழித் தேர்ச்சியா, மொழியாற்றலா? கூட்டணிப் படைகளின் மொழித்தேர்வை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நேட்டோ படைகளின் மொழிப் பயிற்சி குறித்த கட்டுரைக்காக நாம் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலில், 'லாங்குவேஜ் புரொஃபிஷியன்சி' என்பதற்கு 'மொழித் தேர்ச்சி' என்றே வைத்துவிடலாம் என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். பழகிய சொல், வாசகர் தடுமாற மாட்டார் என்பது அவர் வாதம். இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் தேர்ச்சி என்றால் பாஸ். மதிப்பெண் பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே நிற்கும் சொல் அது. பாடத்திட்டம் ஒன்று இருக்கும், அதிலிருந்து கேள்வி வரும், முப்பத்தைந்து எடுத்தால் தேறிவிடலாம். நேட்டோவின் மொழித்தேர்வு இதற்கு நேர் எதிரானது. அதற்குப் பாடத்திட்டமே கிடையாது. எந்தப் புத்தகத்தைப் படித்தாய், எந்தப் பயிற்சிக்குப் போனாய் என்று அது கேட்பதில்லை. இந்த மொழியை வைத்துக்கொண்டு இன்று உன்னால் என்ன செய்ய முடியும் என்பதை மட்டுமே பார்க்கிறது. இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல்லைப் பட்டியலில் ஏற்றினால், கட்டுரையைப் படிப்பவர் தொடக்கத்திலேயே தவறான பாதையில் போய்விடுவார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டானாக் என்பது நேட்டோ நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொள்ளும் தர உடன்பாடு. அவற்றுள் 6001 என்ற எண் கொண்டது மொழிக்கு உரியது. 1976-இல் முதன்முதலில் ஏற்கப்பட்டது. 1966-இல் தொடங்கிய பில்க் என்ற பன்னாட்டு மொழி ஒருங்கிணைப்பு அமைப்பு அதைப் பேணி வருகிறது. அளவுகோலின் வேர் இன்னும் பழையது: 1950களில் அமெரிக்க அயலுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்களை அளக்க வகுத்தது. பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகள், இடையிடையே 1+, 2+ போன்ற கூட்டல் நிலைகள். இன்று 32 நாடுகள் கொண்ட கூட்டணியில் ஒரு போலந்து மேஜரையும் ஒரு போர்ச்சுகல் கேப்டனையும் ஒரே தலைமையகத்தில் உட்கார வைக்கும்போது, இருவரின் ஆங்கிலத்தையும் அளக்க ஒரே கோல் வேண்டும் அல்லவா?

தேர்வு நடக்கும் விதத்தைப் பாருங்கள். பேச்சுத் தேர்வில் வழக்கமாக இரண்டு தேர்வாளர்கள் இருப்பார்கள். எளிய பேச்சில் தொடங்குவார்கள். நேற்று உங்கள் முகாமில் நடந்ததைச் சொல்லுங்கள் என்பார்கள். இறந்தகாலத்தில் கோவையாகச் சொல்லி முடித்தால் இரண்டாம் நிலை கைவசம் இருக்கிறது என்று தெரியும். உடனே ஒரு படி மேலே ஏறுவார்கள்: படைச்சேவையை எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் நாட்டுக்கு என்ன ஆகும்? இங்கே கருத்தைச் சொல்லி, காரணம் காட்டி, மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். அதுவரை சரளமாகப் பேசியவர் திணறுவார், தெரிந்த சொற்களையே சுற்றிச்சுற்றி வருவார். அந்தத் திணறல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் தேர்வாளரின் வேலை. பிறகு தேர்வுக்கு வந்தவருக்கு இயல்பான பேச்சுக்கு மீண்டும் இறங்கி வந்து முடித்துக்கொள்வார்கள். இதில் தேறுவது, தவறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பதவிக்கு இன்ன நிலை வேண்டும் என்பது படைப்பிரிவின் முடிவு, தேர்வின் முடிவு அன்று.

சரி, வேறு என்ன சொல்? மலேசிய நண்பர் முன்மொழிந்த 'மொழிப்புலமை' செவிக்கு இனிமையானது. ஆனால் புலமையில் புலவர் இருக்கிறார். காயம்பட்டவரைத் தூக்கிச்செல்ல ஹெலிகாப்டர் கேட்கும் சிப்பாயின் ஆங்கிலத்தைப் புலமை என்று எப்படிச் சொல்வது? 'மொழித்திறன்' ஏற்கெனவே வேலையில் இருக்கிறது: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கையும் பள்ளிப் பாடநூல்கள் திறன்கள் என்றே சொல்கின்றன. அந்த நான்கிலும் ஒருவர் எட்டியிருக்கும் அளவுக்கு வேறு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு 'மொழியாற்றல்'. பணியாற்றினார், உரையாற்றினார், கடமையாற்றினார் என்று நாள்தோறும் எழுதுகிறோம். ஆற்றுதல் என்றால் செய்தல். ஆகவே ஆற்றல், செய்ய முடிகிற அளவு. அந்தத் தேர்வு தேடுவதும் அதையேதான். 'ஆற்றல் இல்லை' என்றும் 'சிறிது ஆற்றல் உண்டு' என்றும் சொல்ல முடிவதால் பூச்சியம் நிலைக்கும் அது பொருந்தும். புலமைக்கு அந்த வசதி இல்லை. இயற்பியலில் எனர்ஜிக்கு ஆற்றல் என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் மொழி நிற்கும்போது யாரும் குழம்பப் போவதில்லை.

அடுத்தது 'புரொஃபைல்'. ஒருவரின் முடிவை நேட்டோவில் நான்கு இலக்கங்களாக எழுதுகிறார்கள். 3321 என்றால் கேட்டலில் 3, பேசுதலில் 3, படித்தலில் 2, எழுதுதலில் 1. வரிசை மாறாது. மூவாயிரத்து முன்னூற்று இருபத்தொன்று என்று படிக்கக் கூடாது, கூட்டிச் சராசரி எடுக்கவும் கூடாது. இதற்குத் தன்விவரம், சுயவிவரம் எல்லாம் பொருந்தா. நம் இலக்கணத்தில் நிரல்நிறை இருக்கிறது: ஒரு வரிசையில் நிற்பவற்றை இன்னொரு வரிசையில் நிற்பவற்றோடு முறையே பொருத்திப் பொருள் கொள்வது. இந்த நான்கு இலக்கங்களும் அப்படித்தான் நிற்கின்றன. ஆகவே 'மொழியாற்றல் நிரல்'. கணினித் துறையினர் நிரலைப் புரோகிராமுக்கு எடுத்துக்கொண்டது உண்மை; அதற்காக இலக்கணத்தின் சொல்லை நாம் இழக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல் படைகளுக்கு மட்டும் பயன்படும் என்று நினைக்காதீர்கள். இங்கே தில்லியில் கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் பலருடைய இந்தி நிரல் 2200. காய்கறிக்காரரோடு பேரம் பேசுவார்கள், அண்டை வீட்டுக்காரியின் மனக்குறையைக் கேட்டு ஆறுதல் சொல்வார்கள், பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க மாட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் சிலரின் தமிழோ 2100. பாட்டி சொல்வது புரிகிறது, பதில் பெரும்பாலும் இந்தியில் வருகிறது, எழுத்து தெரியாது. 'தமிழ் தெரியுமா' என்ற ஒற்றைக் கேள்வியால் இந்தக் குழந்தைகளை அளக்க முடியாது. எங்கே தொடங்கிக் கற்பிக்க வேண்டும் என்பதை நிரல் காட்டிவிடும்.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். 'பெஞ்ச்மார்க்' தேர்வுக்கு 'உரைகல் தேர்வு'. ஒவ்வொரு நாடும் தன் தேர்வைத் தானே தயாரிக்கிறது. பில்க் உருவாக்கிய பொதுத் தேர்வில் தன் ஆட்களை உட்கார வைத்து, தன் மதிப்பீடு சரியா என்று உரசிப் பார்த்துக்கொள்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது. நிலைகளின் பெயர்கள்: 1 சமாளிப்பு நிலை, 2 புழங்கு நிலை, 3 பணி நிலை, 4 வல்லுநர் நிலை. ஐந்தாவதைத் 'தாய்மொழி நிலை' என்று எழுத வேண்டாம். தாய்மொழியாளர் எல்லோரும் அந்த நிலையில் இல்லை. சொல்வளம் மிக்க தாய்மொழியாளரையே அது குறிக்கிறது. 'நாவலர் நிலை' என்று வைப்போம்.

'ஸ்டாண்டர்டைசேஷன்' என்பதற்குத் 'தரப்படுத்தல்' வேண்டாம் என்று யாழ்ப்பாண நண்பர் எழுதியதை அனைவரும் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். ஈழத் தமிழருக்கு அது 1970களில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் வந்த கொள்கையின் பெயர், ஆறாத காயம். பொருளின்படியும் அது இங்கே சரியில்லை. இங்கே பொதுவாக்கப்பட்டது அளவுகோல். பயிற்சியும் தேர்வும் அந்தந்த நாட்டின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே 'பொது அளவுகோலுக்கு இணக்குதல்' என்று விரித்தே எழுதலாம். ஒரே சொல்லில் வேண்டுமென்றால் 'சீர்தரமாக்கம்'.

நிலை எண்ணைத் தனியாக எழுதாமல் எந்த அளவுகோல் என்றும் சேர்த்து எழுத வேண்டும். தில்லிக்காரனாக இதை அழுத்திச் சொல்கிறேன். 1996 நவம்பர் 12 அன்று இங்கிருந்து மேற்கே சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கசாக் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசாக் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசும் வேலை அதன் வானொலி இயக்குநருடையது. விமானிகள் அவரை நம்பியிருந்தார்கள். இதுவும் இதுபோன்ற பிற விபத்துகளும் சேர்ந்துதான் பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பை 2003-இல் மொழி விதிகள் கொண்டுவரச் செய்தன. அதன் அளவுகோல் ஒன்று முதல் ஆறு வரை. பன்னாட்டு வழித்தட விமானிக்கு நான்காம் நிலை போதும். நேட்டோவில் நான்கு என்றால் வல்லுநர். 'நான்காம் நிலை ஆங்கிலம்' என்று மொட்டையாக எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

'ரேட்டர் நார்மிங்' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தேர்வாளர்கள் பலரும் ஒரே ஒலிப்பதிவைக் கேட்டு, தனித்தனியே நிலை குறித்து, வேறுபட்ட இடங்களை விவாதித்து ஒத்த முடிவுக்கு வரப் பழகும் பயிற்சி அது. 'மதிப்பீட்டு ஒத்திகை' என்று ஒருவர் சொன்னார். ஒத்திகையில் நாடக வாடை வருகிறது. 'மதிப்பீட்டு இசைவுப் பயிற்சி' என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் பணிபுரியும் நண்பர்கள், விடைத்தாள் திருத்தும் முகாம்களில் இதற்கு ஏதாவது சொல் புழங்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அங்கே வழங்கும் சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
தில்லியிலிருந்து