கான்கரர்ஸ் ஹன்ஸ்: 100 மரம் குறையுதே, முதல்ல லம்பர் கேம்பா, மில்லா?

கேள்வி – செம்மண்குதிரை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கம்ப்யூட்டர் கேம், பழைய கான்கரர்ஸ் எக்ஸ்பான்ஷன், அரேபியா மேப். நான் ஆடற ஹன்ஸ் இனத்துக்கு, ஆள் கூட்ட மத்தவங்க கட்டற வீடு தேவையில்லை, ஆனா ஆரம்பத்துல 200 மரத்துக்குப் பதில் 100தான் கையில். லம்பர் கேம்ப் (வெட்டின மரம் சேர்க்கற இடம்) போட்டா மில்லுக்கு (உணவு சேர்க்கற இடம்) மரமில்லை. ஃப்யூடல் (இரண்டாவது யுகம்) போனதும் ஸ்கவுட் ரஷ் (குதிரைவீரர்களோட சீக்கிரத் தாக்குதல்) பண்ணணும். எந்த வரிசை சரி?

பதில் 1 – கோட்டைவாசல்

கேம்ப்தான் முதல்ல. முதல் 6 வில்லேஜர் (வேலையாள்) ஆட்டுல உணவு எடுக்கட்டும். 7வது ஆள் காட்டோரம் கேம்ப் கட்டட்டும், 8, 9, 10 அவனோட மரம் வெட்டட்டும். 11வது ஆள் பன்றியை இழுத்து வரணும். ஒரு வில்லேஜர் வர 25 வினாடி, அதனால 12வது ஆள் வெளியே வர்றதுக்குள்ள மில்லுக்கான 100 மரம் சேர்ந்திருக்கும். அவனையே பெர்ரி பக்கம் மில் கட்ட அனுப்புங்க. மில்லும் கேம்பும் இருந்தா ஃப்யூடலுக்கு வேண்டிய 2 கட்டடக் கணக்கும் முடிஞ்சது.

பதில் 2 – கணக்குப்பிள்ளை

அந்த 100ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மத்தவங்க எடுத்த எடுப்பில் 2 வீட்டுக்கு 60 மரம் கொடுத்துடறாங்க, அப்ப நீங்க பின்தங்கியிருக்கறது 40தான். 22 பாப் (மொத்த ஆள் எண்ணிக்கை) வரும்போது அவங்க 4 வீடு, 120 மரம் கட்டியிருப்பாங்க, நீங்க முந்திட்டீங்க. வீடு கட்டற ஆளோட நேரமும் மிச்சம். புதுப் பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனில் வீடு 25 மரம், அங்கே 4வது வீட்டோட சரிக்குச் சரி.

உண்மையான லாபம் வேற: வீடு போதாம பாப் கேப்ல (ஆள் வரம்பு) மாட்டி டவுன் சென்டர் (வில்லேஜர் உருவாகற கட்டடம்) நிக்கறது ஹன்ஸுக்குக் கிடையாது. அதனால உணவு தீர்ந்து டவுன் சென்டர் நின்னா முழுத் தப்பும் நம்முடையது.

பதில் 3 – வேலிக்காரன்

வரிசை சரி, ஆனா ஆட்டம் கெடறது அதுக்கப்புறம்தான். 500 உணவு கொடுத்து ஃப்யூடல் அழுத்தினதும் ஆட்டுல இருக்கறவங்கள்ல 3, 4 பேரை மரத்துக்கு மாத்துங்க. ஏஜ் மாற 130 வினாடி. அதுக்குள்ள பேரக்ஸ் (காலாட்படைக் கட்டடம், 175 மரம்) முடிஞ்சு, ஃப்யூடல் வந்த நொடியே ஸ்கவுட் உருவாக்கற ஸ்டேபிளுக்கு இன்னொரு 175 தயாரா இருக்கணும். ஸ்கவுட் ஒண்ணுக்கு 80 உணவு மட்டும்தான், மரம் வேண்டாம். அதனால ஸ்டேபிள் முடிஞ்சதும் வர்ற மரமெல்லாம் ஃபார்முக்கு.

தீர்ந்த ஃபார்ம் தானா மறுபடி விதைக்க மில்லுல க்யூ போடறது கான்கரர்ஸில் வந்த அருமையான வசதி, ஆனா இந்தக் கட்டத்துல தொடாதீங்க. ஒவ்வொரு க்ளிக்கும் 60 மரத்தை முன்கூட்டியே பிடிச்சு வைக்கும், 3 க்ளிக்குல ஒரு ஸ்டேபிளே போயிடும்.

ஹன்ஸால வீடு கட்டவே முடியாது. மத்தவங்க வீட்டையே சுவரா வைச்சு இடைவெளியை அடைப்பாங்க, நமக்கு அந்த வழியில்லை. பேரக்ஸையும் ஸ்டேபிளையும் எதிரி வர்ற பக்கத்து இடைவெளியில் வைச்சு, மீதியைப் பேலிசேடால (மரவேலி) மூடுங்க.

செம்மண்குதிரை

நன்றி. எதிரி ஸ்பியர்மேன் (குதிரையை அடிக்கற ஈட்டிவீரன்) இறக்கிட்டா?

வேலிக்காரன்

மோதாதீங்க. ஸ்கவுட் வேகம் அதிகம், விலகிப் போய் வேற பக்கத்து மரவெட்டிகளை அடிங்க. ஸ்பியர்மேன் 3, 4 ஆனதும் ஸ்கவுட்டை நிறுத்திட்டு ஆர்ச்சரி ரேஞ்ச் (வில்வீரர் கட்டடம்) போடுங்க.