சிம்பாலிக் லிங்க்: குறியீட்டு இணைப்பா, கைகாட்டியா?

> லினக்ஸில் வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்பாலிக் லிங்குக்குக் 'குறியீட்டு இணைப்பு' என்று ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அண்ணாச்சி, அதில் இரண்டு இடைஞ்சல். நிரல் எழுதுகிறவருக்குக் 'குறியீடு' என்றால் கோட். 'இணைப்பு' என்றாலோ மின்னஞ்சலோடு வரும் கோப்பு, வலைத்தொடுப்பு, கேபிள் மூன்றும். போதாக்குறைக்கு ஒன்பது எழுத்து. மெனுவில் பாதி வெட்டுப்படும். என் ஓட்டு 'கைகாட்டி'க்கு. நான்கே எழுத்து. முக்கு ரோட்டில் 'பாபநாசம்' என்று எழுதி நிற்கும் பலகை பாபநாசம் ஆகாது. அதில் இருப்பது ஊர்ப்பெயர் மட்டும். சிம்பாலிக் லிங்கும் அப்படித்தான். தனக்கென ஓர் ஐநோடு (கோப்பின் விவரங்களை வட்டில் வைத்திருக்கும் பதிவு) உள்ள சின்னக் கோப்பு, உள்ளே இருப்பது வெறும் பாதையின் எழுத்து.

'அல்வா' என்ற கோப்புக்கு ஒன்று போட்டு கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அளவு 15 பைட் என்று வரும். அ, ல, புள்ளி, வ, கால் என ஐந்து குறிகள், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட். அல்வாவின் எடை எத்தனை ஜிபி ஆனாலும் பலகை 15 பைட்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பாதை 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் ஐநோடுக்குள்ளேயே அடங்கிவிடும். தமிழில் நீளப் பெயர் வைத்தால் சீக்கிரமே வட்டில் தனி பிளாக் கேட்கும்.

> சரி தம்பி, ஹார்டு லிங்குக்கு என்ன சொல்ல? 'வன் கைகாட்டி'யா?

வேண்டவே வேண்டாம். அது கைகாட்டியே இல்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்றாலும் ஆள் ஒருவர்தானே? ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர், அதில் மூத்தது இளையது கிடையாது. 'மறுபெயர்' என்று வைக்கலாம். ஒரு பெயரை 'ஆர்எம்' கட்டளையால் அழித்தாலும் மற்றது இருக்கும்வரை தரவு இருக்கும். கைகாட்டி அப்படியில்லை, அல்வாவை அழித்தால் பலகை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதற்கு 'அந்தரக் கைகாட்டி' பொருந்தும். 'ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்' எல்லா அந்தரங்களையும் காட்டிக்கொடுக்கும். பென்டிரைவில் இருக்கும் கோப்புக்கு வன்வட்டில் ஒரு மறுபெயர் போட முடியாது, ஐநோடு எண் அந்தந்தக் கோப்பு முறைமைக்குள் மட்டுமே செல்லும். கைகாட்டிக்கு அந்தத் தடை இல்லை.

> ரயில்வே சிக்னலையும் கைகாட்டி என்பார்களே, குழம்பாதா?

கட்டளை வரியில் ரயில் ஓடுவதில்லை, அண்ணாச்சி. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேறு காரணம் உண்டு: அதிகம் பேர் சறுக்கும் இடத்தை அதுவே விளக்கிவிடுகிறது. அல்வா இருக்கும் கோப்புறையில் நின்றுகொண்டு, 'கடை' என்ற உள் கோப்புறையில் 'இனிப்பு' என்ற கைகாட்டியை நட

எல்என் -எஸ் அல்வா கடை/இனிப்பு

என்று அடிக்கிறோம். சத்தமில்லாமல் வேலை முடியும். பிறகு அதைப் படிக்க 'கேட் கடை/இனிப்பு' என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. ஏன்? பலகையில் எழுதியிருப்பது 'அல்வா' என்ற ஐந்து குறிகள்தான். கணினி அதைப் பலகை நிற்கும் 'கடை' கோப்புறையிலிருந்து தேடுகிறது, நாம் நின்ற இடத்திலிருந்து அல்ல. 'வலப்பக்கம் திரும்பவும்' என்ற பலகையைச் சேரன்மகாதேவியில் எழுதிப் பேட்டையில் நட்டால் வண்டி எங்கே போகும்? '../அல்வா' (ஒரு படி மேலே உள்ள அல்வா) என்று எழுத வேண்டும், இல்லை முழுப்பாதை. குனு 'எல்என்' என்றால் '-ஆர்' சேர்த்தால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். பாதை உண்மையா என்று நடும்போது யாரும் சோதிப்பதில்லை.

> கோப்புறையைக் காட்டும் கைகாட்டியை மாற்ற 'எல்என் -எஸ்எஃப்' கொடுத்தால் பழையதே நிற்கிறதே?

அது பலகையைத் தாண்டி ஊருக்குள் போய்ப் புதுப் பலகையை நட்டிருக்கும். பழைய கோப்புறைக்குள் பாருங்கள், கிடக்கும். '-எஸ்எஃப்என்' கொடுங்கள். ஒன்றையொன்று காட்டும் இரண்டு பலகைக்குக் 'கைகாட்டிச் சுழல்' எனலாம்; லினக்ஸ் 40 தாவலோடு கைவிட்டுவிடும்.

விண்டோஸ் ஷார்ட்கட்டுக்கு இந்தச் சொல்லைத் தர வேண்டாம், 'குறுக்குவழி' அங்கேயே இருக்கட்டும். அதைப் பின்தொடர்வது டெஸ்க்டாப் நிரல். கைகாட்டியைப் பின்தொடர்வது இயங்குதளத்தின் மையமான கர்னல்.