புதுப்பிப்பு: கத்தரிப் பாத்தியில் தானாக முளைத்த செடி, பெயர் தெரிந்துவிட்டது

இரண்டு மாதம் முன்பு, கத்தரிப் பாத்தி ஓரத்தில் விதைக்காமலே வந்த செடியின் படம் போட்டு இது என்னவென்று கேட்டிருந்தேன். மிளகாய், மணத்தக்காளி, ஊமத்தை என்றெல்லாம் சொன்னீர்கள். மூன்றும் இல்லை. சொடக்குத் தக்காளி!

பூத்ததுமே மணத்தக்காளி இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கு வெள்ளைப் பூ, கொத்தாக வரும். இதில் கணுவுக்கு ஒன்றாக, தலை கவிழ்ந்த வெளிர்மஞ்சள் பூ. ஊமத்தைக்கு நீளமான பூவும் முள்ளுக் காயும் என்பதால் அந்தப் பயமும் போனது. பிறகு பூ இருந்த இடத்தில் பச்சைக் காகித விளக்கு மாதிரி ஓர் உறை தொங்கியது. பூவின் புல்லி வட்டம்தான் (பூவின் அடியில் இருக்கும் பச்சை இதழ்கள்) அப்படி வளர்ந்து காயை மூடிக்கொள்கிறது. கிழித்துப் பார்த்தேன், உள்ளே கோலிக்குண்டைவிடச் சின்னதாக ஒரு காய்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். ஒன்றைப் பறித்து என் பையன் நெற்றியில் 'டப்' என்று உடைத்தார். அவ்வளவுதான், பெயர்க்காரணம் விளங்கிவிட்டது. நான் பூதக்கண்ணாடியோடு அலைந்ததுதான் மிச்சம்.

பச்சைக் காயைத் தின்ன வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும். உறை காய்ந்து, பழம் மஞ்சளாகித் தானே உதிர்ந்த பிறகுதான் எடுத்தேன். புளிப்பு, இனிப்பு, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. பையன் துப்பிவிட்டான்.

ஒரு செடியை மட்டும் விட்டுவைத்து, சுற்றி முளைத்த மற்ற கன்றுகளைப் பிடுங்கிவிட்டேன். கத்தரிக் குடும்பம்தானே, அதன் பூச்சி இதற்கும் வரும்.