நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோபி: மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டுமா?

கணக்கு டீச்சர், பாளையங்கோட்டை | டிசம்பர் 7

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோதுதான் இது தொடங்கியது. காலையிலிருந்து நாலு டீ, மதியம் அவசரமாகச் சாப்பாடு, உடனே குனிந்து உட்கார்ந்து திருத்தல். மூன்று மணிக்கு நடுநெஞ்சில் தீயை வைத்ததுபோல ஓர் எரிச்சல். மாரடைப்போ என்று பயந்து அன்றைக்கே ஈசிஜி எடுத்தோம். அப்புறம் டிரெட்மில்லில் ஓடவைத்தும் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, ஆசிட்தான் மேலே வருகிறது என்று சொல்லி, ஆசிட் சுரப்பதைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை போடும்வரை ஓரளவு பரவாயில்லை. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். இப்படியே மூன்று சுற்று ஆகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களித்து எழுப்பிவிடுகிறது. காலையில் குரல் கம்மிவிடுகிறது. ஐந்து பீரியடு பேசவேண்டியவளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது குடல் மருத்துவர் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கவேண்டும் என்கிறார். அதற்கு முன்னால் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தவேண்டுமாம். என் கொழுந்தன், "ஏற்கெனவே ஆசிட்னு தெரியும்லா மதினி, அப்புறம் எதுக்குக் குழாய்?" என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. மாத்திரை இல்லாமல் பதினைந்து நாள் எப்படிக் கழியும்? இன்னொரு பயமும் உண்டு. நாக்கு வழித்தாலே எனக்குக் குமட்டும். அவ்வளவு நீளக் குழாயை எப்படி உள்ளே விடுவார்கள்?

விழுங்குவதில் சிரமம் இல்லை. எடை குறையவில்லை, இரண்டு வருடத்தில் ஆறு கிலோ கூடித்தான் இருக்கிறது. மலம் கறுப்பாகப் போனதில்லை. செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் நைட் ஷிப்ட் | டிசம்பர் 7

டீச்சர், மாத்திரையை நிறுத்தச் சொன்னது சரிதான். நான் நிறுத்தாமல் போய் இரண்டு வருடத்தை இழந்தவன்.

பனியன் கம்பெனியில் இரவு வேலை. பத்து மணிக்கும் சாப்பாடு, நாலு மணிக்கும் சாப்பாடு, விடிந்ததும் படுக்கை. 2019-இல் நெஞ்செரிச்சல் தாங்காமல் முதல் எண்டோஸ்கோபி எடுத்தேன். அதற்கு முந்தின நாள்வரை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றும் இல்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். எரிகிறது என்று வாயைத் திறந்து சொல்லவே கூச்சமாகிவிட்டது.

2021-இல் வேறொரு மருத்துவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையோடு எடுத்தீர்களா, மாத்திரை இல்லாமலா?" என்பதுதான். ஆசிட் உணவுக்குழாயில் போடும் புண்ணை அந்த மாத்திரை ஆற்றிவிடும். மழை ஓய்ந்து நாலு நாள் கழித்து வந்து கூரையைப் பார்த்தால் ஒழுகின இடம் தெரியுமா? மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது புண் கண்ணுக்குத் தெரிந்தது. 'எல்ஏ கிரேடு பி' என்று எழுதினார்கள்.

எல்ஏ என்றால் லாஸ் ஏஞ்சல்ஸ். புண்ணைத் தரம் பிரிக்க 1994-இல் அங்கே நடந்த மாநாட்டில் முன்வைத்த முறையாம். புண் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏ. அதைவிட நீளமாக, ஆனால் உணவுக்குழாய் உள்சுவரின் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குத் தாண்டாமல் இருந்தால் பி. மடிப்புகளைத் தாண்டிப் பரவினால் சி. குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ பிடித்துவிட்டால் டி. இதில் ஏ மட்டும் இருந்தால் அதை வைத்தே முடிவு கட்டமாட்டார்கள், ஏனென்றால் நோய் இல்லாதவர்களிடமும் அது தென்படும். பி, சி, டி என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் கொழுந்தனிடம் இதைச் சொல்லுங்கள். இத்தனை நாள் அது ஓர் ஊகம். குழாய் விட்டுப் பார்த்தால்தான் அது உறுதியாகும்.

அந்த மூன்று வாரத்தை எப்படிக் கழித்தேன் என்றால், எரியும்போது மட்டும் குடிக்க ஆன்டாசிட் சிரப்பை டாக்டரே எழுதித்தந்தார். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். தலையணையை அடுக்குவதில் பலன் இல்லை, வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். முதல் வாரம் கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன்.

ஸ்கோப் அறை நர்ஸ் | டிசம்பர் 8

டீச்சர், நான் பதினொரு வருடமாக எண்டோஸ்கோபி அறையில் வேலை பார்க்கிறேன். குமட்டலைப் பற்றிக் கேட்டீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கோப் என்கிற அந்தக் குழாயின் கனம் சுண்டுவிரல் அளவுதான். முதலில் தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்போம். கசக்கும், எச்சில் விழுங்க முடியாததுபோல இருக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். இடது பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்த சில நொடிதான் கடினம். அப்போது ஒருமுறை விழுங்கச் சொல்வோம், விழுங்கிவிடுங்கள். அதன்பிறகு எச்சிலை விழுங்காமல் கன்னத்தோரமாக வழியவிட்டு, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். மூச்சுக்குழாய் வேறு, இது போகும் வழி வேறு. உள்ளே காற்று அடிப்பதால் ஏப்பம் வரும். அதை அடக்க நினைத்து வெட்கப்படாதீர்கள், நாங்கள் தினமும் பார்ப்பதுதான். பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சதைத்துணுக்கு எடுத்தாலும் வலிக்காது.

முடியவே முடியாது என்றால் மயக்க ஊசி கேளுங்கள், தருவார்கள். ஆனால் கூட ஆள் வரவேண்டும். அன்றைக்கு ஸ்கூட்டி ஓட்டக்கூடாது. மருத்துவமனை எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்கிறதோ அதை அப்படியே கடைப்பிடியுங்கள், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு மணி நேரம். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது போட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள். எண்டோஸ்கோபியில் ஆசிட் மேலே ஏறுவது தெரியாது. அது விட்டுப்போன தடயம்தான் தெரியும். நெஞ்செரிச்சலோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் உணவுக்குழாய் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். அதனால் நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. திருப்பூர் அண்ணனிடம் டென்ஷன் என்று சொல்லி அனுப்பியதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. அப்படி வந்தால் அடுத்த படி 24 மணி நேர பிஎச் சோதனை. மூக்கு வழியாக மெல்லிய கம்பி விட்டு, ஒரு நாளில் எத்தனை சதவீத நேரம் உணவுக்குழாயில் ஆசிட் நிற்கிறது என்று அளப்பார்கள். 6 சதவீதத்துக்கு மேல் என்றால் உறுதி. 4-க்குக் கீழ் என்றால் ஆசிட்மேல் பழி போடமுடியாது, வேறு காரணம் தேடவேண்டும்.

நெஞ்செரிகிறது என்று சொன்ன எல்லோருக்கும் முதல் நாளே ஸ்கோப் தேவையில்லை. இளவயது, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால் எட்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நிறுத்தினதும் திரும்ப வருகிறது என்ற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். புண் மட்டும் இல்லை, உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் உள்ள வால்வு தளர்ந்திருக்கிறதா, இரைப்பை மேலே ஏறி ஹையாட்டஸ் ஹெர்னியா இருக்கிறதா, ஆசிட் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோலே மாறிப்போகும் பேரட் மாற்றம் ஏதாவது உண்டா என்பதையும் பார்ப்பார்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் எச் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு துணுக்கு எடுப்பார்கள். மாத்திரையோடு வந்தால் அந்தச் சோதனையும் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம்.

குடந்தை மகள் | டிசம்பர் 9

டீச்சர் விழுங்குவதில் சிரமம் இல்லை என்று எழுதியிருக்கிறார், நல்லது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 63 வயதில் சோறு தொண்டைக்குக் கீழே நிற்கத் தொடங்கியது. முதலில் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தார். அப்புறம் சோற்றைக் குழைத்துக் கேட்டார். அப்புறம் கஞ்சி மட்டும். பல வருட நெஞ்செரிச்சல் அவருக்கு. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டினார். சாப்பிட உட்காரும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கட்டாயப்படுத்தி அழைத்துப்போனபோது உணவுக்குழாயின் அடிப்பகுதி தழும்பாகிச் சுருங்கிப்போயிருந்தது. பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. புற்று இல்லை. ஸ்கோப் வழியாகவே பலூன் வைத்து மூன்று தடவை விரித்தார்கள். இப்போது இட்லியும் சட்னியும் தண்ணீர் இல்லாமல் இறங்குகிறது.

சோறு நின்றாலோ, காரணம் இல்லாமல் எடை குறைந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்தாலோ, ரத்தசோகை என்று சொன்னாலோ மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

கணக்கு டீச்சர், பாளையங்கோட்டை | டிசம்பர் 28

அரையாண்டு விடுமுறையில் நேற்று முன்தினம் செய்துகொண்டேன். மூன்று பேருக்கும் நன்றி.

11-ஆம் தேதி மாத்திரையை நிறுத்தினேன். நாலாவது நாள்தான் மிகவும் மோசம், ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செங்கல் வைத்தபின் கொஞ்சம் தூங்கமுடிந்தது. தேர்வு நேரம் என்பதால் பாடம் நடத்தவேண்டியிருக்கவில்லை, அதுவும் ஒரு உதவி.

மயக்க ஊசி வேண்டாம், ஸ்பிரே போதும் என்று சொல்லிவிட்டேன். விழுங்குங்கள் என்றபோது விழுங்கினேன். இரண்டு தடவை நன்றாகக் குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. நர்ஸ் ஒருவர் என் தோளில் கைவைத்து, "மூக்கால் விடுங்க, மூக்கால் விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஏழு நிமிடம் என்று வெளியே வந்தபின் என் கணவர் சொன்னார்.

ரிப்போர்ட்: எல்ஏ கிரேடு பி. 3 செ.மீ. ஹையாட்டஸ் ஹெர்னியா. பேரட் இல்லை, எச் பைலோரி இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் கோடு பல்லிலிருந்து 36 செ.மீ.-இல் இருக்கிறது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் 39-இல் பிடிக்கிறது, நடுவில் இருக்கும் மூன்று செ.மீ. இரைப்பைதான் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் பேப்பரில் வரைந்து காட்டினார். கழித்தல் கணக்குதானே, எனக்கு உடனே புரிந்தது. புண் பி என்பதால் பிஎச் சோதனை இப்போது தேவையில்லை என்றார்.

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்விதான் மனதைவிட்டுப் போகவில்லை. "மாத்திரையை எப்போது போட்டீர்கள்?" காலை டிபன் முடித்து வேனுக்கு நிற்கும்போது என்றேன். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போடவேண்டுமாம். சாப்பிடும்போதுதான் இரைப்பையின் ஆசிட் பம்புகள் முழுவேகத்தில் ஓடும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தும். எட்டு மாதமாக இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, எடையில் ஐந்து கிலோ குறைத்துக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறார். நேற்றிலிருந்து காலை ஆறரைக்கு மாத்திரை, ஏழேகாலுக்கு இட்லி.

திருப்பூர்க்காரருக்கு ஒரு கேள்வி: கட்டில் காலுக்கு எத்தனை செங்கல் வைத்தீர்கள்? நான் ஒன்றுதான் வைத்திருக்கிறேன், இரண்டு வைத்தால் கட்டில் ஆடுகிறது.

திருப்பூர் நைட் ஷிப்ட் | டிசம்பர் 28

செங்கல்லை எடுத்துவிடுங்கள் டீச்சர், ராத்திரியில் நழுவினால் ஆபத்து. நானும் ஒரு மாதத்தில் மாற்றிவிட்டேன். மரப்பட்டறையில் சொல்லி ஆறு அங்குல உயரத்தில் இரண்டு கட்டை, கட்டில் கால் உட்கார நடுவில் குழி வைத்து அறுத்து வாங்குங்கள். அசையாது.